ரிப்போர்ட்டில் ‘பஸ் செல்ஸ்’ வந்தால்

சென்ற ஆடியில் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு லேப் ரிப்போர்ட்டின் படத்தை அனுப்பினார். கீழே ஒரே கேள்வி: “பஸ் செல்ஸ் 10–12னு போட்டிருக்கு. அப்படின்னா என்ன?” பஸ் இல்லை, சீழ் என்று பதில் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. சீழ் என்ற சொல்லைப் பார்த்ததும் மனிதர் அடுத்த நிமிடம் போன் அடித்துவிட்டார்.

அவருக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருடம். “ஏதாவது விசேஷம் உண்டா?” என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. மனைவிக்கு ஸ்கேன் எடுத்தாயிற்று, தைராய்டு பார்த்தாயிற்று, மருந்து செலுத்தி கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று எக்ஸ்ரேயும் எடுத்தாயிற்று. இவ்வளவும் முடிந்த பிறகுதான் இவருடைய முதல் விந்துப் பரிசோதனை. இந்த வரிசை தலைகீழ் என்பதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. அவருக்கான முதல் டெஸ்டுக்கு ஊசி கிடையாது, வலி கிடையாது, செலவும் அதிகமில்லை. ஆனாலும் அதுதான் எப்போதும் கடைசியில் வருகிறது.

சரி, சீழ் அணுவுக்கு வருவோம். அது வெள்ளை அணுதான். உடம்பில் எங்காவது கிருமி நுழைந்தால் சண்டைக்குப் போகிற அதே அணு. அது விந்தில் தென்பட்டால் உள்ளே எங்கோ அழற்சி இருக்கலாம், கிருமி இருக்கலாம் என்ற சந்தேகம் எழுகிறது. சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல. விந்தணுவை மனிதக் கண் முதன்முதலில் பார்த்த நாளிலேயே தொடங்கிவிட்டது. 1677-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் லேவன்ஹூக் என்ற துணி வியாபாரி, தானே செய்த நுண்ணோக்கிகளோடு உட்கார்ந்திருந்தார். யோஹான் ஹாம் என்ற மருத்துவ மாணவர் அவரிடம் ஒரு கண்ணாடிப் புட்டியைக் கொண்டுவந்தார். அதில் இருந்தது வெட்டை நோய் (கொனோரியா என்ற பால்வினை நோய்) கண்ட ஒருவரின் விந்து. அதில் வால் முளைத்த சின்னச் சின்ன உயிர்கள் நெளிவதை ஹாம் பார்த்திருந்தார். நோயால் கெட்டுப்போன விந்தில் அழுகல் காரணமாக உண்டான பூச்சிகள் இவை என்று அவர் நினைத்தார். லேவன்ஹூக் தன் விந்தையே எடுத்துப் பார்த்தார். நோயில்லாத விந்திலும் அவை இருந்தன. லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். கிருமி என்று நினைத்தது விந்தணுவாக இருந்தது. நிஜமான வெட்டைக் கிருமியை ஆல்பர்ட் நைஸர் கண்டுபிடிக்க 1879 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கிருமி விந்துக்குள் எப்படி வருகிறது என்று புரிய, விந்தணு நடக்கும் பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். விரைக்குள் உருவாகி வெளியே வரும் விந்தணுவுக்கு அப்போது நீந்தத் தெரியாது. விரையின் மேல் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் எபிடிடிமிஸ் என்ற குழாய்க்குள் போய்த்தான் அது தேறுகிறது. அந்தக் குழாயைப் பிரித்து நீட்டினால் சுமார் 6 மீட்டர் வரும். அவ்வளவு நீளத்தையும் ஒரு விரல் நீளத்துக்குள் சுருட்டி வைத்திருக்கிறது உடம்பு. அங்கிருந்து விந்துக்குழாய் வழியாக மேலே ஏறி, விந்துப்பைகளும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் திரவத்தோடு கலந்து, சிறுநீர்த் தாரையில் சேர்ந்து வெளியேறுகிறது. விந்தில் பெரும்பகுதி இந்தச் சுரப்பிகளின் திரவம்தான். விந்தணுவின் பங்கு சில சதவீதம் மட்டுமே.

கடைசி வழியைக் கவனியுங்கள். சிறுநீர் போகும் வழியும் விந்து போகும் வழியும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. பொதுவாசல் என்றால் யாரும் வரலாம். சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் கிருமி பின்னோக்கி ஏறி புராஸ்டேட்டுக்கோ எபிடிடிமிஸுக்கோ போக முடிவது இதனால்தான். உடலுறவில் தொற்றும் கிருமிக்கும் இதே வழிதான்.

அப்படிப் போன கிருமி செய்யும் வேலை ஒன்றல்ல. மிக எளிதாகப் புரிவது அடைப்பு. எபிடிடிமிஸ் நூலைவிட மெல்லியது. உள்ளே புண் வந்து ஆறினால் தழும்பு விழும், தழும்பு வழியை மூடிவிடும். இரண்டு பக்கமும் மூடினால் விரை எவ்வளவு உற்பத்தி செய்தாலும் விந்தில் ஓர் அணுகூட வராது. வெளித் தோற்றத்தில் விந்து வழக்கம்போலவே இருக்கும், ஏனென்றால் திரவம் சுரப்பிகளிலிருந்து வருவது. பலருக்கு இது நம்பமுடியாததாக இருக்கிறது. “எல்லாம் நார்மலாத்தானே வருது” என்பார்கள்.

அடுத்தது கொஞ்சம் விசித்திரமானது. சில பாக்டீரியாக்கள் நேரடியாக விந்தணு மேலேயே ஒட்டிக்கொள்கின்றன. குடலில் வாழும் ஈ.கோலை இதில் கெட்டிக்காரன். அதன் உடம்பிலிருந்து நீளும் நுண்ணிய இழைகள் விந்தணுவின் மேலுள்ள சர்க்கரை மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும். சோதனைக்கூடத்தில் விந்தோடு இந்தப் பாக்டீரியாவைக் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தால், தனித்தனியாக நீந்திக்கொண்டிருந்த விந்தணுக்கள் தலையோடு தலை, வாலோடு வால் சிக்கிக் கொத்தாக நின்ற இடத்திலேயே துடிக்கும். ஆனால் அதற்குக் கிருமியின் எண்ணிக்கை மிக அதிகமாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு பாக்டீரியா வந்து ஊரையே கட்டிப்போடுவதில்லை.

என் கணிப்பில், பெரும்பாலான சேதத்தைச் செய்வது கிருமி இல்லை, அதை அடிக்கப் போன நம் வெள்ளை அணுக்கள்தான். அவை கிருமியைக் கொல்ல ஒரு வகை ஆக்சிஜன் மூலக்கூறுகளை உமிழ்கின்றன. தீப்பொறி என்று வைத்துக்கொள்ளுங்கள். எலி பிடிக்க வைக்கோல்போருக்குத் தீ வைத்த கதை. விந்தணுவின் மேல்தோல் எளிதில் ஆக்சிஜனோடு வினைபுரியும் கொழுப்பால் ஆனது. எண்ணெய் காறிப்போவதுபோல அது கெட்டுப்போகும். மற்ற செல்களுக்கு இந்தச் சேதத்தைத் தாங்கும் என்சைம்கள் நிறைய உண்டு. விந்தணுவோ ஓட்டப்பந்தயத்துக்குப் போகிறவன் மூட்டையை இறக்கி வைத்ததுபோல உள்ளிருந்த எல்லாவற்றையும் கழித்துவிட்டுத் தலை, வால், கொஞ்சம் எஞ்சின் என்று கிளம்பியிருக்கிறது. தற்காத்துக்கொள்ள அதனிடம் அதிகம் எதுவும் இல்லை. மேல்தோல் கெட்டால் வேகம் குறையும். பொறி தலைக்குள் போனால் டிஎன்ஏ உடையும். எண்ணிக்கை நன்றாக இருந்தும் கரு நிற்காமல் போவதற்கு இப்படி உடைந்த டிஎன்ஏவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு. விந்தணு உருவாகத் தொடங்குவது வயதுக்கு வந்த பிறகு. அதற்குள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி ‘இது நம்ம ஆள், இது வெளியாள்’ என்று படித்து முடித்திருக்கும். ஆகவே விந்தணு அதன் கண்ணில் பட்டால் வெளியாள்தான். பட்டுவிடாமல் இருக்கத்தான் விரைக்குள் ஒரு தடுப்புச் சுவர் இருக்கிறது. தொற்றோ அடியோ அந்தச் சுவரை உடைத்தால், உடம்பு விந்தணுவுக்கு எதிராகவே ஆன்டிபாடி செய்யத் தொடங்கிவிடும்.

யார் குற்றவாளி?

இதில் பட்டியல் நீளமானது. ஆனால் எல்லாரும் ஒரே அளவு குற்றவாளிகள் அல்ல.

சந்தேகமே இல்லாத குற்றவாளி வெட்டை நோய்க் கிருமி. எரிச்சல், சீழ் ஒழுகல் என்று சத்தம் போட்டு வருவதால் ஆண்கள் பெரும்பாலும் டாக்டரிடம் போய்விடுகிறார்கள். அதைவிட ஆபத்தானது கிளமிடியா, ஏனென்றால் அது சத்தமே போடாது. தொற்றிய ஆண்களில் பாதிப் பேருக்காவது எந்த அறிகுறியும் இருக்காது. இளவயது ஆண்களுக்கு எபிடிடிமிஸ் வீங்கினால் முதலில் சந்தேகிப்பது இந்த இரண்டையும்தான். நடுத்தர வயதுக்கு மேல் என்றால் ஈ.கோலை போன்ற குடல் பாக்டீரியாக்கள் முன்னுக்கு வந்துவிடும்.

கிளமிடியா பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அது செல்லுக்குள் புகுந்து வாழும் பாக்டீரியா. சாதாரண கல்ச்சரில், அதாவது கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் டெஸ்டில், வளராது. ‘கல்ச்சர் நெகட்டிவ்’ என்று ரிப்போர்ட் வந்தால் கிளமிடியா இல்லை என்று அர்த்தமாகாது. அதற்கென்று கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் வகை டெஸ்ட் செய்ய வேண்டும். அப்புறம் இன்னொன்று. பாசிட்டிவ் வந்தால் வீட்டில் பூகம்பம் வரும். “எப்போ, யாரிடமிருந்து?” என்று. இந்தக் கிருமி அறிகுறி காட்டாமல் நீண்ட காலம் உள்ளேயே கிடக்கக்கூடியது. எந்த நாளில் தொற்றியது என்று டெஸ்ட் சொல்லாது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு துணையின் மேல் வழக்கு நடத்த முடியாது. செய்ய வேண்டியது, கணவன் மனைவி இருவரும் ஒரே நேரத்தில் மருந்து சாப்பிடுவது. ஒருவர் மட்டும் சாப்பிட்டால் பந்து மாறி மாறித் திரும்பி வரும். பெண்ணுக்கு இதே கிருமி கருக்குழாயை அடைத்துவிடும் என்பதால் அவருக்குத்தான் இழப்பு இன்னும் அதிகம்.

நம் ஊரில் மறக்கக் கூடாத ஆள் காசநோய். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். காசநோய் என்றால் இருமல் என்றே நினைக்கிறோம். நுரையீரலிலிருந்து ரத்தம் வழியாக அது சிறுநீரகத்துக்கும் எபிடிடிமிஸுக்கும் போகும். வலி அதிகம் இராது. தொட்டுப் பார்த்தால் எபிடிடிமிஸ் கல்போலக் கெட்டியாக இருக்கும், விந்துக்குழாய் மணி கோத்த மாலைபோல முண்டும் முடிச்சுமாகத் தட்டுப்படும். அனுபவமுள்ள டாக்டர் இதைக் கைவிரலாலேயே கண்டுபிடித்துவிடுவார். லேபில் கிடைக்கும் துப்பு வேறு: சிறுநீரில் சீழ் அணு நிறைய இருக்கும், கல்ச்சரில் ஒன்றுமே வளராது. சாதாரண கல்ச்சரில் காசநோய்க் கிருமி வளர்வதில்லை. ஆறு மாத மருந்தில் கிருமி போய்விடும், தழும்பு போகாது. அப்படி அடைத்துப்போனவர்களுக்கு விரையிலிருந்தே விந்தணுவை ஊசியால் எடுத்து, லேபில் கருமுட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் இக்சி முறையில் கருத்தரிக்க வைக்கிறார்கள்.

பாக்டீரியா மட்டும்தான் என்றில்லை. பொன்னுக்குவீங்கி வந்தால் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டு உட்கார வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. சின்னப் பிள்ளைக்கு வந்தால் அதோடு போய்விடும். வயதுக்கு வந்த பையனுக்கு வந்தால் 100-ல் 15 முதல் 30 பேருக்கு, கன்னம் வீங்கிய சில நாட்களில் விரையும் வீங்கும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான், அதனால் முழு மலட்டுத்தன்மை அபூர்வம். ஆனால் வீங்கிய விரை பிறகு சுருங்கிப்போவது சகஜம். அரசின் இலவச அட்டவணையில் இருப்பது தட்டம்மை, ரூபெல்லா ஊசி. பொன்னுக்குவீங்கியையும் சேர்த்துத் தடுக்கும் எம்எம்ஆர் ஊசியை வெளியில்தான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி சந்தேகக் கேஸ்கள். யூரியாபிளாஸ்மா, மைக்கோபிளாஸ்மா ஹோமினிஸ் என்று செல்சுவர் இல்லாத பொடிப் பாக்டீரியாக்கள் உண்டு. சுவர் இல்லாததால் சுவரைக் குறிவைக்கும் பென்சிலின் வகை மருந்து இவற்றை ஒன்றும் செய்யாது. குழந்தையின்மைக்கு வந்த ஆண்களிடம் இவை அடிக்கடி காணப்படுகின்றன. அதே சமயம் எந்தக் குறையும் இல்லாத, இரண்டு பிள்ளை பெற்ற ஆண்களிடமும் காணப்படுகின்றன. இந்த வகைகளை எல்லாருக்கும் வழக்கமாகத் தேட வேண்டாம், தேடினால் தேவையில்லாத ஆன்டிபயாட்டிக்தான் மிச்சம் என்று ஐரோப்பியப் பாலியல் நோய் வழிகாட்டிக் குழு 2018-ல் எழுதியது. இவற்றின் பங்காளியான மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் அப்படியல்ல. அது சிறுநீர்த் தாரை அழற்சியை நிச்சயமாக உண்டாக்கும்.

விந்து என்பது கிருமியே இல்லாத திரவம் என்றுதான் முன்பு நினைத்தார்கள். இப்போது டிஎன்ஏவை வைத்துத் தேடும்போது ஆரோக்கியமான விந்திலும் பல வகை பாக்டீரியாக்களின் தடயம் கிடைக்கிறது. தைவானில் 96 பேரின் விந்தை ஆராய்ந்து 2014-ல் வெளியான ஆய்வில், லாக்டோபேசில்லஸ் அதிகமாக இருந்த கூட்டத்தில் நல்ல விந்து அதிகம் என்று தெரிந்தது. தயிரில் இருக்கும் பாக்டீரியாவின் குடும்பம் இது. உடனே தயிர் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று கிளம்பிவிடாதீர்கள். 2024-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்திலிருந்து வந்த இன்னொரு ஆய்வில், அதே குடும்பத்தைச் சேர்ந்த லாக்டோபேசில்லஸ் இனர்ஸ் என்ற வகை, விந்தணு ஓட்டம் குறைந்தவர்களிடம்தான் அதிகமாக இருந்தது. ஒரே குடும்பத்தில் ஒருவன் நல்லவன், ஒருவன் அப்படியில்லை. அதுவும் கூட இருந்தான் என்றுதான் தெரியும், அவன்தான் செய்தான் என்று தெரியாது.

அந்த ரிப்போர்ட்

நண்பரின் தாளை மறுபடி எடுப்போம். எண்ணிக்கை மில்லிக்கு 2.2 கோடி. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட ஆறாம் பதிப்புக் கையேட்டில் கீழ் எல்லை 1.6 கோடி, அதனால் இது பரவாயில்லை. நல்ல உருவம் 5 சதவீதம். 95 கோணல் என்று அவர் அதிர்ந்துபோயிருந்தார். கீழ் எல்லையே 4 சதவீதம்தான், மனித இனம் இதை வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறது. அசைவு 35 சதவீதம். எல்லை 42. இது குறைவு. சீழ் அணு 10–12. கல்ச்சரில் ‘ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ்’ வளர்ந்திருக்கிறது.

அந்த 10–12 நுண்ணோக்கியின் ஒரு பார்வை வட்டத்தில் எண்ணியது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வேறு கணக்கு: ஒரு மில்லியில் 10 லட்சம் வெள்ளை அணுவுக்கு மேல் இருந்தால் கவனிக்கவும் என்கிறது. அதையும் பெராக்சிடேஸ் என்ற சாயம் போட்டு எண்ண வேண்டும். ஏனென்றால் முதிராத விந்தணுவும் உருண்டையாகத்தான் இருக்கும். சாயமில்லாமல் பார்த்தால் இரண்டும் ஒரே முகம். பல ரிப்போர்ட்டுகளில் சீழ் அணு என்று எழுதப்படுவதில் ஒரு பகுதி, பாவம், இன்னும் வளராத விந்தணுதான்.

வளர்ந்த கிருமியோ நம் தோலில் குடியிருப்பது. கையிலிருந்து வந்திருக்கலாம். “டப்பாவைக் கொடுத்தபோது என்ன சொன்னார்கள்?” என்று கேட்டேன். “அந்த ரூம்னு கை காட்டினாங்க.” கையையும் உறுப்பையும் சோப்பு போட்டுக் கழுவச் சொல்லவில்லை, முதலில் சிறுநீர் கழித்துவிடச் சொல்லவில்லை, டப்பாவின் உள்பக்கத்தைத் தொட வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கல்ச்சருக்குக் கொடுக்கும்போது இவை இல்லாமல் எடுத்த சாம்பிள் பாதி உறுப்பைப் பற்றியும் பாதி கையைப் பற்றியும் பேசும்.

இதற்குள் நண்பர் ஒரு காரியம் செய்திருந்தார். ரிப்போர்ட்டை மருந்துக்கடையில் காட்டி ஐந்து நாளுக்கு ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிட்டுவிட்டார். நிஜமான தொற்று என்றால் மருந்து தேவைதான். கிளமிடியாவுக்கு ஒரு வாரம் போதும். புராஸ்டேட்டில் நாள்பட்டுப்போன தொற்றுக்கு நான்கு முதல் ஆறு வாரம் வரைகூடப் போகும், ஏனென்றால் அந்தச் சுரப்பிக்குள் மருந்து எளிதாக ஊறாது. எந்தக் கிருமி, எந்த இடம் என்று தெரியாமல் போடும் ஐந்து நாள் கோர்ஸ் இரண்டுக்கும் நடுவில் எங்கோ விழுகிறது. தொற்றைக் குணப்படுத்தினால் விந்தின் தரம் தேறுவதுண்டு. அதனால் கரு நிற்கும் வாய்ப்பும் கூடுகிறது என்பதற்கு உறுதியான நிரூபணம் இன்னும் கிடைக்கவில்லை. டாக்டர்கள் சிகிச்சை தருவது பெரும்பாலும் தொற்று தொற்றாகவே கெடுதல் என்பதற்காக.

யூராலஜி டாக்டர் ஒருவரிடம் போகச் சொன்னேன். அவர் மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். ஒரு விந்தணு உருவாக 74 நாள், எபிடிடிமிஸில் தேற இன்னும் பத்துப் பதினைந்து நாள். இன்று செய்யும் எந்த மாற்றமும் அதற்குப் பிறகுதான் தாளில் தெரியும். நடுவில் டெங்கு மாதிரி கடும் காய்ச்சல் வந்திருந்தாலும் எண்ணிக்கை விழுந்து எழ அவ்வளவு காலம் ஆகும். இந்த முறை நண்பர் கழுவிவிட்டு, சிறுநீர் கழித்துவிட்டு, மூன்று நாள் இடைவெளி விட்டுக் கொடுத்தார். கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. சாயம் போட்டு எண்ணியதில் வெள்ளை அணு எல்லைக்குள். கிளமிடியா டெஸ்டும் நெகட்டிவ். அசைவு மட்டும் அப்படியே 36-ல் நின்றது.

டாக்டர் அவரை நிற்க வைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லி, தொட்டுப் பார்த்தார். இடது விரைக்கு மேலே ரத்த நாளம் சுருண்டு புடைத்திருந்தது. வெரிக்கோசீல். பொதுவாக ஆண்களில் 100-ல் 15 பேருக்கு இருப்பது, குழந்தையின்மைக்கு வருபவர்களில் 35-ஐத் தாண்டும். ரத்தம் தேங்கி விரையின் சூடு கூடுகிறது, விந்தணு சோர்ந்துபோகிறது. முதல் நாளே தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அன்று சாயங்காலம் போன் செய்தார். குரலில் பயம் போய்க் கடுப்பு வந்திருந்தது. “அப்போ அந்தக் கிருமி?” அது உங்கள் கையில் இருந்தது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “அஞ்சு நாள் மாத்திரை சாப்பிட்டு வயித்தால போனதுதான் மிச்சம்” என்றார்.